வைத்தியலிங்கம் ஐயா சொன்னால் சரி

ஜூன் 3, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் விடியுமுன்பே வந்துவிட்டது. குடங்களை நிரப்பி, மாவாட்டி எடுத்து வைத்துவிட்டு அலுவலகம் போவதற்குள் மீட்டிங் பாதி முடிந்திருந்தது.

நாமக்கல் பாவாயம்மாவின் கோழிப்பண்ணைக்கு மென்பொருள் செய்கிறோம். ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் அன்றன்றைய முட்டைக் கணக்கு போன் வழியாக வந்து சேர வேண்டும். ஏதாவது ஒரு ஷெட்டிலிருந்து கணக்கே வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கூட வேலை செய்யும் கவின்ராஜ் எழுதிய ஃபங்ஷன், அதாவது அந்தக் கணக்கைப் படிக்கும் கோட் துண்டு, பூஜ்யம் என்று பதில் சொல்கிறது. கோழி முட்டையிடாமல் இருப்பதும், முட்டையை எண்ணியவன் போனில் ஏற்றாமல் தூங்கிப்போவதும் ஒன்றா? முன்னதற்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும், பின்னதற்கு அவனை எழுப்ப வேண்டும்.

"பூஜ்யம் தரக்கூடாதுங்க சார். தகவல் இல்லைங்கிறதுக்குத் தனியா ஒரு பதில் இருக்கோணும். அதைக் கவனிக்காம கோட் எழுதினா ஓடவே கூடாது" என்றேன்.

மோகனசுந்தரம் சார் எங்கள் கம்பெனியின் முதலாளி, மேலாளர், எல்லாம். "பாக்கலாம் ஈஸ்வரி" என்றார். அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டார். கவின் என்னைவிட நாலைந்து வயது சின்னவன், குரல் மட்டும் பெரிது. "படிக்கிறதுக்கு நல்லா இருக்குங்க்கா, வேலைக்கு ஆவாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வேலைக்கு ஒரு குழுத் தலைவரை மாதக் கடைசியில் அறிவிப்பாராம். எனக்கு அதில் பெரிய ஆசை எதுவும் இல்லை. தலைவருக்கு ஜன்னலோர மேசை கிடைக்கும், அவ்வளவுதானே. மதியம் சும்மா அதில் உட்கார்ந்து பார்த்தேன். வேப்பமரம் நன்றாகத் தெரிகிறது.

சாயங்காலம் என் கருத்தை விளக்கமாகத் தறிமேடையில் எழுதிப் போட்டேன். தறி என்பது நாங்கள் கோட் எழுதும் மொழி. இந்த ஊரில் பிறந்தது, சொற்களெல்லாம் தமிழ். உலகத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்களைப் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் அடக்கிவிடலாம். அவ்வளவு பேரும் இணையத்தில் கூடிச் சண்டை போடும் இடம் தறிமேடை. பிற்காலத்தில் எனக்கே மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

யாரும் பதில் போடவில்லை.

ஜூன் 5, புதன்

ஒருவர் போட்டிருக்கிறார். கவின்ராஜ். "இது அனுபவமில்லாதவர்களின் கவலை." அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள்.

பொரியலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். சாப்பிட்டுத்தான் தீர வேண்டும் என்றேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று ஒரு சின்னக் காரியம் செய்தேன். ஒரே ஒரு விருப்பக்குறி போடுவதற்காக இன்னொரு கணக்குத் திறந்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

பெயர் கேட்டது. வைத்தியலிங்கம் என்று கொடுத்தேன். ஊர் கேட்டது, ஸ்டுட்கார்ட் என்றேன். நான் இருக்கும் காந்திபுரத்தைச் சொன்னால் யார் மதிப்பார்கள்? அனுபவம் என்ற கட்டத்தில் "கணினி அறையளவு இருந்த நாளிலிருந்து" என்று நிரப்பினேன். படத்துக்குப் பனி மூடிய ஒரு மலை.

இவ்வளவு செய்துவிட்டு வெறும் விருப்பக்குறியோடு திரும்புவது அவருக்கே அழகில்லை. ஆகவே ஒரு வரி எழுதினார்: "இந்தப் பெண் சொல்வது சரி. வராத பதிலைப் பூஜ்யம் என்பவனுக்கு வேலை தெரியாது."

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கீழே ஒரே கூட்டம். "ஐயா, அருமை." "ஐயா, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" "இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது." இதைவிடத் தெளிவாகத்தான் மூன்று நாளைக்கு முன்னால் நான் சொல்லியிருந்தேன், உதாரணங்களோடு.

ஜூன் 10, திங்கள்

மோகனசுந்தரம் சார் கையில் ஒரு தாளோடு மீட்டிங்குக்கு வந்தார். வைத்தியலிங்கம் எழுதியதை அச்செடுத்து வந்திருக்கிறார்! இதற்காகவே தறிமேடையில் கணக்கும் திறந்தாராம்.

"ஜெர்மனியில இருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கார். பூஜ்யம் தரக்கூடாதாமுங்க. தனியா ஒரு பதில் வேணுமாமுங்க. என்ன தெளிவு பாருங்க."

"நானும் போன வாரம் இதைத்தானுங்க சார் சொன்னேன்."

"சொன்னீங்க, சொன்னீங்க. ஆனா இந்த மாதிரி அடிச்சுச் சொல்லிப் பழகோணும் ஈஸ்வரி."

கவின் அன்றே தன் ஃபங்ஷனை மாற்றிவிட்டான். ஆக, நான் நினைத்தது நடந்துவிட்டது. மொழிக்கும் நல்லது, பாவாயம்மாவுக்கும் நல்லது. எனக்கு அது போதும். போதும் என்று நினைத்துக்கொண்டே பேக்கரியில் நிறுத்தி இரண்டு தேங்காய் பன் தின்றேன்.

ஜூன் 12, புதன்

வைத்தியலிங்கத்தின் கணக்கை மூடிவிடலாம் என்று உள்ளே போனேன். யாரோ ஒரு பையன் சந்தேகம் கேட்டிருந்தான். பாவம், பதில் சொல்லிவிட்டு மூடலாம் என்று உட்கார்ந்தேன். பெரியவர் பெரியவர்தான், "முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேள்" என்று அதட்டினார். பையன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். நான் என் பெயரில் அப்படிச் சொல்லியிருந்தால் திமிர் பிடித்தவள் என்றிருப்பார்கள்.

எழுதும்போது குரலைக் கனமாக்கி வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போல. வீட்டுக்காரர் தாமோதரன், பம்ப்செட் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு அம்மிணி அது, உள்ளே இன்னொரு ஆள் இருக்கறாப்பல இருக்குது?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அந்தாளுக்குச் சுகர் இருக்குதா? ராத்திரிக்கு இட்லி போதுமா, சப்பாத்தி போடணுமா?" என்றார். கணக்கை மூட மறந்துவிட்டது.

ஜூன் 15, சனி

அலுவலகத்தில் எல்லாரும் இப்போது "ஐயா என்ன சொல்றார்னு பாத்துட்டு முடிவெடுக்கலாம்" என்கிறார்கள். கவின் தேநீர் குடிக்கும்போதுகூட ஐயாவின் வரிகளைச் சொல்கிறான். என் வரிகள். பொறாமை என்று யாராவது நினைக்கக்கூடும். என் மேலேயே நான் எப்படிப் பொறாமைப்பட முடியும்?

ஆனாலும் அந்தக் கிழவர் கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறார்.

ஜூன் 18, செவ்வாய்

அவரைக் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் வாயாலேயே ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வைத்து, நான் என் பெயரில் போய் அதை உடைத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

வைத்தியலிங்கம் எழுதினார்: "வேரியபிள்களுக்கு நீளமான பெயர் வைப்பது சோம்பேறிகளின் பழக்கம். ஓர் எழுத்து போதும். க, ச, ட. பெயர் நீண்டால் சிந்தனை குட்டையாகிவிடும்." எழுதும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேரியபிள் என்பது கோட்டில் ஒரு தகவலைப் போட்டு வைக்கும் டப்பா மாதிரி; அதற்கு ஓரெழுத்தில் பெயர் வைப்பது, கோட் எழுதுகிறவர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் விட்டொழிக்கும் பழக்கம்.

உடனே சௌடேஸ்வரி என்ற என் முழுப்பெயரில் உள்ளே போய் மறுத்தேன். "முட்டை என்பதை முட்டை என்றே எழுதினால்தான் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குப் புரியும். க என்றால் எதை நினைத்துக்கொள்வது?" இதற்கு மறுபேச்சு இருக்க முடியாது.

துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். மறுபேச்சு இருந்தது. "ஐயாவை எதிர்த்துப் பேசும் முன் அவர் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள், சகோதரி." "ஐயா சொல்வதன் ஆழம் புரிய உங்களுக்கு இன்னும் காலம் வேண்டும்." தறிமேடையைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் இளம்பரிதி, "பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசவும்" என்று எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்.

என்னிடமே நான் தோற்றுவிட்டேன். அதுவும் வேண்டுமென்றே சொன்ன பொய்யிடம்.

ஜூன் 19, புதன்

கவின் பண்ணை மென்பொருள் முழுவதையும் ஓரெழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, ஐயாவே சொல்லியிருக்கார்."

"அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாருடா."

"அவருக்கெல்லாம் விளையாட நேரம் இருக்குமாக்கா?"

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாதக் கடைசி நெருங்குகிறது, அறிவிப்பு ஆகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

அறிவிப்பு இன்றே வந்துவிட்டது. மோகனசுந்தரம் சார் எல்லாரையும் கூப்பிட்டு, குழுத் தலைமைக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கவினும் உட்கார்ந்தான்.

"நம்ம வைத்தியலிங்கம் ஐயாவையே கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். அங்கிருந்தே வழிநடத்தட்டும். அவரு முடியாதுன்னாத்தான் கவின்."

நான் மூன்றாவது இடத்தில்கூட இல்லை. கூட்டம் கலைந்ததும் சார் என்னை மட்டும் நிறுத்தினார். "அழைப்பு மெயில் நீங்க எழுதுங்க ஈஸ்வரி. உங்களுக்குத்தான் பணிவா எழுத வரும்."

எழுதினேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் வழிகாட்டுதலுக்காக ஏங்கி நிற்கும் எங்கள் சிறு நிறுவனத்தின்" என்று தொடங்கி, நான் ஆசைப்பட்ட வேலையை ஏற்றுக்கொள்ளும்படி என்னையே கெஞ்சிக் கேட்டு, எனக்கே அனுப்பினேன். ஆசைப்பட்டேன் என்று எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

ஜூன் 22, சனி

வீட்டுக்காரர் யோசனை: "உடனே பதில் போட்டா மரியாதை இருக்காது அம்மிணி. பெரிய மனுசன் ரெண்டு நாள் யோசிக்கோணும்."

ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது. நின்று வாங்கினேன். வரிசையில் நிற்கும்போதே பெரியவரின் பதிலை மனதுக்குள் எழுதி முடித்தேன்.

ஜூன் 24, திங்கள்

வைத்தியலிங்கம் பதில் அனுப்பினார். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, மன்னிக்கவும். தேடுவதற்குத் தூரம் போக வேண்டாம், உங்களிடம் இருக்கும் சௌடேஸ்வரி என்னையே எதிர்த்து வாதாடியவர், இந்த மொழியை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர் யாருமில்லை, அவரையே நியமியுங்கள். இதைவிட நேராக எப்படி எழுதுவது?

சார் அதை எல்லார் முன்னாலும் படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எத்தனை பெரிய மனசு பாருங்க. தன்னை எதிர்த்துப் பேசுன பிள்ளையைக்கூட விட்டுக்கொடுக்காமப் பேசறார்."

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார். "ஆனா அவரு ஈஸ்வரியை நேர்ல பாத்ததில்லீங்களே. கவினே பாக்கட்டும்."

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அழுகை. இல்லாத ஒரு மனிதனுடைய சொல் எடுபடுகிறது, ஆனால் என்னைப் பற்றி என்றால் அவன் சொல்கூட எடுபடவில்லை.

ஜூன் 27, வியாழன்

கவின் ஜன்னலோர மேசைக்கு மாறிவிட்டான். வேப்பமரத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

பாவாயம்மாவின் பண்ணையில் இன்று முதல் வெள்ளோட்டம். காலை அறிக்கை அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அலறியது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங், என்ர கோழியெல்லாம் ஒட்டுக்காச் செத்துப்போச்சுன்னு வந்திருக்குது! நான் இங்க கோழிக மத்தியிலதான் நின்னுட்டிருக்கறேன், கத்தற கத்துல காது போகுது. எதுங்க நெசம்?"

கவின் க எதற்கு வைத்தான், ச எதற்கு வைத்தான் என்று அவனுக்கே மறந்துபோய், முட்டை வர வேண்டிய இடத்தில் இறந்த கோழியையும், இறந்த கோழிக்கான இடத்தில் முட்டையையும் போட்டுவிட்டான். ஓரெழுத்துப் பெயர்களின் காட்டில் யாராலும் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் விதைத்தது. சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

பாவாயம்மா புதன்கிழமை நேரில் வருகிறாராம். வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயாவை வீடியோவுல வரச் சொல்லுங்க ஈஸ்வரி. அவரு ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா சமாதானமாயிரும்."

"அவசியம் வரணுமாங்க சார்?"

"வந்தே ஆகோணும்."

ஜூலை 3, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மீட்டிங் அறையில் பெரிய திரை. பாவாயம்மா வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சார் புதுச் சட்டை. கவின் ஓர் ஓரமாக. நான் மேசையின் கடைசியில் என் மடிக்கணினியோடு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "வேலை போனாப் போகட்டும், நீயா போய் நில்லு" என்றார், இந்தத் தடவை சிரிக்காமல்.

வைத்தியலிங்கமாக வீடியோ அழைப்புக்குள் நுழைந்து கேமராவைத் திறந்தேன். திரையில் "வைத்தியலிங்கம், ஸ்டுட்கார்ட்" என்று பெயர் வந்தது. பெயருக்கு மேலே என் முகம். என் தலைக்குப் பின்னால் எங்கள் அலுவலகச் சுவர்.

சார் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "வணக்கமுங்க ஐயா, ரொம்பப் பாக்கியம்." பிறகு கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஈஸ்வரி, சித்த அக்கட்ட நகருங்க. ஐயா மொகம் தெரியல."

நான் நகரவில்லை. "இதுதானுங்க சார் ஐயா மொகம்" என்றேன். அறையில் ஒலித்த என் குரல் திரையிலிருந்தும் திரும்பி வந்தது.

முதலில் புரிந்துகொண்டது பாவாயம்மாதான். வெற்றிலைப் பை கீழே விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்ய விஷயத்தை முதலில் இந்த அறையில்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை, அதனால் நீங்கள் கேட்கிற மாதிரி ஓர் ஆளை உருவாக்கினேன் என்றேன்.

"அப்ப அந்த ஒத்தை எழுத்து?" என்றான் கவின், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி.

"அதுவும் நான்தான்டா. அது தப்பு. நானே உக்காந்து எல்லாத்தையும் மாத்தித் தர்றேன்."

பாவாயம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீயே கோளாறு பண்ணுனவ, நீயே சரி பண்ணு அம்மிணி. ஏனுங் சாரே, இந்தப் பிள்ளை பாக்கறதுன்னா நான் வேற பக்கம் போகல. இல்லாத ஐயாவெல்லாம் எனக்கு வேண்டாமுங்."

ஜூலை 6, சனி

மூன்று நாளாக நானும் கவினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து க-வைக் கோழியாகவும் ச-வை முட்டையாகவும் மாற்றினோம். முதல் நாள் அவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள், "உங்க மேல கோவம்க்கா" என்றான். நியாயம்தான் என்றேன். இன்று, "பூஜ்யம் வேண்டாம்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சரின்னுதான் பட்டுதுங்க்கா. நீங்க சொல்லீட்டீங்களேன்னுதான் ஒத்துக்கல" என்றான். அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

பண்ணை அறிக்கை சரியாகப் போயிற்று. மூன்றாவது ஷெட்டுக்கு நேரே "தகவல் வரவில்லை" என்று காட்டியது. பாவாயம்மா அந்த ஆளை எழுப்பிவிட்டுப் போன் செய்தார்.

சார் என்னிடம் நியமனத் தாளை நீட்டினார். குழுத் தலைவர், சௌடேஸ்வரி. கீழே ஒரு வரி: "பெரியவர் வைத்தியலிங்கம் அவர்களின் பரிந்துரையின் பேரில்."

"சார், அவரே இல்லீங்களே."

"தெரியுமுங்க. இருந்தாலும் அந்தப் பேரு இருந்தா ஒரு வெயிட்டா இருக்குது."

"அந்த வரி இருந்தா எனக்கு வேண்டாமுங்க." தாளை மேசை மேல் வைத்துவிட்டு என் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வேறு தாள் வந்தது. அந்த வரி இல்லை. கவின் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசையைத் துடைத்துக் கொடுத்தான்.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்றுதான் இருந்தது. முதல் நாளிலிருந்தே.

ஜூலை 9, செவ்வாய்

தறிமேடையில் என் பெயரில் உண்மையை எழுதினேன். வைத்தியலிங்கம் என்று யாரும் இல்லை, அது நான்தான், எல்லாரும் மன்னிக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

என் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம்: "மூத்தவர் ஒருவரின் பெயரைக் களங்கப்படுத்த முயன்றது." வைத்தியலிங்கத்தின் பெட்டிக்கு இளம்பரிதி தனியாக எழுதியிருக்கிறார்: "ஐயா மனம் புண்பட வேண்டாம், அந்தப் பெண்ணைக் கவனித்துக்கொண்டோம்."

வீட்டுக்காரர் இதைக் கேட்டு இருமி இருமித் தண்ணீர் குடித்தார்.

வேறு வழியில்லை. கடைசியாக ஒரு தடவை வைத்தியலிங்கமாக உள்ளே போனேன். "அந்தப் பெண் சொல்வது முழுக்க உண்மை. வைத்தியலிங்கம் என்று ஒருவன் கிடையாது. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவருடையது. வணங்க வேண்டுமானால் அவரை வணங்குங்கள்" என்று எழுதி, யாருக்கும் சந்தேகம் வராதபடி என் புகைப்படத்தையும் போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

"நான் என்று ஒருவன் இல்லை என்கிறாரே! இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்!"

அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. முதலாவதாகக் கைகூப்பியிருப்பவர் மோகனசுந்தரம் சார்.